மடக்கடுப்பும் ஒரு பிடி சுள்ளியும்

வீட்டுக்கு வெளியே சமைப்பது புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களுக்குப் பழகிய வேலை. நார்த்தாமலை மாரியம்மனுக்கும் கொன்னையூர் மாரியம்மனுக்கும் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். குலசாமிக்குக் கெடா வெட்டும் பங்காளிகள் தோப்பிலேயே அண்டா ஏற்றி ஊருக்கே ஆக்கிப் போடுகிறார்கள். அந்தக் கூட்டுச் சமையலுக்குக் கல்லடுப்புதான் சரி. ஆனால் இரண்டு மூன்று பேர் சைக்கிளிலோ பைக்கிலோ கிளம்பி, வழியில் ஒரு வேளை ஆக்கிச் சாப்பிட நினைத்தால் கல்லடுப்பு தோதுப்படாது. சம உயரத்தில் மூன்று கல் தேட வேண்டும். எல்லாப் பக்கமும் காற்றுப் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். எரித்த இடம் கருகி, மாதக்கணக்கில் வடுவாகக் கிடக்கும். இந்த இடத்துக்குத்தான் மடக்கு விறகடுப்பு வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் வருகிற எல்லா யோசனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: தீ சிறியதாக இருக்கட்டும், காய்ந்த சுள்ளியாக இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். இந்த மூன்றும் அமைந்தால் ஒரு பிடி சுள்ளியில் கஞ்சி கொதித்துவிடும்.

1. அடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

மடக்கடுப்பு இரண்டு வகை. ஒன்று, நான்கு தகடுகளும் அடித்தட்டும் கீலில் இணைந்திருப்பது. விரித்தால் பெட்டி, மடித்தால் நோட்டுப் புத்தக அளவு. மற்றது, தனித்தனித் தகடுகளைக் காடியில் செருகிப் பூட்டுவது. கீல் வகையை விரிப்பது சுலபம். துண்டு எதுவும் தொலையாது. செருகு வகையில் ஒரு தகடு நெளிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று பேருக்குச் சமைக்க, ஒவ்வொரு பக்கமும் 12 முதல் 15 சென்டிமீட்டர் அகலமும், 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ளது போதும். எவர்சில்வர் தகடு நல்லது, துரு ஏறாது. சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறினால் கவலை வேண்டாம். மிக மெல்லிய தகடு சில தடவை எரித்ததுமே நெளிந்து, கீல் இறுகிப் போகும். ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் கொஞ்சம் எடை கூடினாலும் பல ஆண்டு உழைக்கும். உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்வதாக இருந்தால் துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. தகடு மட்டும் வேண்டாம். கடுஞ்சூட்டில் அந்த முலாம் நச்சுப் புகை விடும்.

வாங்கும்போது நான்கு இடங்களைப் பாருங்கள். அடித்தட்டில் காற்று ஏறவும் சாம்பல் இறங்கவும் துளைகள் இருக்க வேண்டும். முன்பக்கம் சுள்ளி செருகும் வாய் இருக்க வேண்டும். மேலே பாத்திரம் உட்காரும் இடத்தில், பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் கன இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பாத்திரமே மூடியாகித் தீயை அமுக்கிவிடும். கடைசியாக, அடித்தட்டு தரையில் படாமல் கால்கள் தூக்கி நிறுத்த வேண்டும்.

2. அடுப்பு எப்படி எரிகிறது

காய்ந்த விறகு சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறுகிறது. நாம் பார்க்கும் சுவாலை, அந்த வாயு எரிவதுதான். எரியாமல் தப்பிய வாயுவும் நுண்துகளும் புகையாகிக் கண்ணைக் கரிக்கின்றன. ஆகவே புகை வருகிறது என்றால் விறகு வீணாகிறது என்று பொருள். சூடான காற்று பெட்டிக்குள் மேலே ஏற, கீழ்த்துளை வழியாகப் புதுக்காற்று தானாக உள்ளே வருகிறது. அந்த ஓட்டத்தைத் தடுக்காத வரை ஊதாங்குழலுக்கு வேலை இல்லை. பெட்டி நிறைய விறகைத் திணித்தால் ஓட்டம் அடைபட்டுப் புகை கிளம்பும். அப்போது ஊதுவதைவிட ஒரு குச்சியை வெளியே இழுப்பதே மருந்து.

எவ்வளவு விறகு வேண்டும் என்று கணக்குப் போடலாம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 290 கிலோஜூல் வெப்பம் தேவை. நன்கு காய்ந்த விறகு 100 கிராம் எரிந்தால் ஏறக்குறைய 1600 கிலோஜூல் வெளிவரும். விசிறி இல்லாத கையடக்க விறகடுப்பு குறைந்தது 25 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152 வகுத்த அளவு. மடக்கடுப்பின் சுவர் ஒற்றைத் தகடு என்பதால் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 100 கிராம் சுள்ளி. காற்றடிக்கும் வெளியில் அதைப் போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டால் தவறாது. மூவருக்கு ஒரு வேளைச் சோறும் டீயும் ஆக்க ஒரு கிலோ தாராளம்.

3. சுள்ளி பொறுக்குதல்

மரத்தில் இருப்பதை ஒடிக்காதீர்கள். உதிர்ந்து, தரையில் படாமல் செடிமேல் தங்கிய குச்சிதான் நன்றாகக் காய்ந்திருக்கும். வளைத்துப் பாருங்கள். சடக்கென்று முறிந்தால் எடுக்கலாம். நார் நாராக வளைந்தால் விட்டுவிடுங்கள். ஈரக் குச்சி தன் வெப்பத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் உள்ள நீரைக் கொதிக்க வைக்கவே செலவழிக்கும்.

மூன்று கனத்தில் பிரித்து அடுக்குங்கள்: தீக்குச்சி கனம், சுண்டுவிரல் கனம், கட்டைவிரல் கனம். எல்லாம் ஒரு சாண் நீளம். கட்டைவிரலைவிடப் பருத்தது இந்த அடுப்புக்கு வேண்டாம். கத்தியோ கோடாரியோ தேவைப்படாத சமையல் இது.

நம் மாவட்டத்தில் கிடைப்பவற்றை இப்படித் தரம் பிரிக்கலாம்:

- சீமைக் கருவேலம்: கண்மாய் ஓரமெல்லாம் கிடைக்கும். கெட்டி மரம், கங்கு நின்று எரியும். முள்ளை முறித்துவிட்டுப் பொறுக்குங்கள். முள் கிடக்கும் இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள்.
- சவுக்கு மிளார்: சீக்கிரம் பற்றும், சூடு அதிகம். தொடக்கத் தீக்கு மிகவும் ஏற்றது.
- தைல மரப் பட்டையும் சருகும்: எண்ணெய்ப் பசை உள்ளதால் குப்பென்று பிடிக்கும். ஒரு சிட்டிகை போதும்.
- தென்னம்பாளை, பன்னாடை, தேங்காய் நார்: கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கத்துத் தோப்புகளில் கேட்டால் கொடுப்பார்கள். பற்றவைக்க நல்லது.
- கொட்டாங்கச்சி: உடைத்து ஒன்றிரண்டு சில்லு போட்டால் நெருப்பு நன்றாக ஏறும். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் தகடு நெளியும்.

எரிக்கக் கூடாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. அதை எரிக்கவும் கூடாது, கறி சுடக் கம்பியாகச் செருகவும் கூடாது. திருகுகள்ளியின் பாலும், அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லையின் பாலும் கண்ணைக் கெடுக்கும். அவற்றின் புகையும் ஆகாது. ஆதனக்கோட்டை வழியாகப் போனால் சாலையோரம் முந்திரி வறுப்பதைப் பார்ப்பீர்கள். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்யும்; அதைச் சமையல் தீயில் போடாதீர்கள். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக், ரப்பர் ஆகியவற்றுக்கும் அடுப்பில் இடமில்லை.

4. இடம் பார்த்தல்

முதலில், எங்கே கூடாது என்பது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் மூவர் கோயில், திருமயம் கோட்டை, நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் ஆகியவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள், அதற்கென ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் சமைக்கக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விதி இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது. சித்தன்னவாசல் குகையின் தாமரைக்குள ஓவியம் ஆயிரம் ஆண்டைக் கடந்து நமக்குக் கிடைத்தது. கரிப்புகை படிந்த ஓவியத்தை மீட்பது எளிதல்ல.

காப்புக் காடுகளுக்குள் தீ மூட்டுவதைத் தமிழ்நாடு வனச் சட்டம் தடுக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ மலையேறப் போனவர்களின் உயிரைக் குடித்தது. கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு விரைவாக ஓடும் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். வனத்தோட்டக் கழகத்தின் தைல மரக் காடுகளும் நம் மாவட்டத்தில் பரந்து கிடக்கின்றன. அங்கே காலடியில் கிடப்பது முழுவதும் எண்ணெய்ப் பசையுள்ள சருகு. முந்திரித் தோப்பிலும் சருகு மெத்தையாகக் கிடக்கும். இரண்டு இடத்திலும் அடுப்பை விரிக்கவே விரிக்காதீர்கள். காவோலை தொங்கும் பனைமரத்தின் அடி, வைக்கோல் போரின் அருகு, காய்ந்த புல் மூடிய கண்மாய்க் கரை ஆகியவையும் வேண்டாம்.

எங்கே சமைக்கலாம்? உடையவரிடம் கேட்டுக்கொண்டு தோட்டத்துக் களத்துமேட்டில் சமைக்கலாம். கோயில்களில் பொங்கல் வைக்க விட்டிருக்கும் இடம் நல்லது. வறண்டு கிடக்கும் வெள்ளாற்று மணல், நீர் வற்றிய ஊருணியின் வெறுந்தரை, அறுவடை முடிந்து துப்புரவாகக் கிடக்கும் செம்மண் கொல்லை ஆகியவை ஏற்றவை. அடுப்பைச் சுற்றி இரண்டு எட்டுத் தூரத்துக்குச் செத்தையைக் கூட்டி ஒதுக்குங்கள். வெறும் பாறைமேல் அடுப்பை நேரடியாக வைக்காதீர்கள். கற்பாறைமேல் விறகெரித்து அதைத் தகடு தகடாகப் பெயர்ப்பது பழைய கல்லுடைப்பு முறை. சூடேறிய பாறை சில்லாகத் தெறிக்கும். பாறையில்தான் சமைக்க வேண்டியிருந்தால் கீழே மூன்று விரல் கனத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் ஒரு பழைய தட்டை வைத்து, அடுப்பை அதில் நிறுத்துங்கள்.

ஆடி மாதக் காற்று இந்தச் சமவெளியில் தடையில்லாமல் அடிக்கும். மெல்லிய காற்றானால் அடுப்பின் வாயைக் காற்றுப் பக்கம் திருப்புங்கள். இழுப்பு நன்றாக இருக்கும். பலத்த காற்றானால் மூடிய சுவரைக் காற்றுக்குக் கொடுங்கள். பைக்கைக் காற்று மறைப்பாக நிறுத்தும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. பெட்ரோல் ஆவி தீயைத் தேடி வரும். வண்டியைக் குறைந்தது பத்து எட்டு தள்ளி நிறுத்துங்கள். பற்றவைக்கும் முன்பே இரண்டு லிட்டர் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

5. அடுக்கி, பற்றவைத்தல்

1. அடுப்பை விரித்து, கீல் முழுக்கப் பூட்டியதா என்று அசைத்துப் பாருங்கள்.
2. அடித்தட்டில், அதில் அடங்கும்படி ஒடித்த கட்டைவிரல் கனக் குச்சி நான்கைந்தை நெருக்கமில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள்.
3. அதன்மேல் சுண்டுவிரல் கனத்தில் ஒரு அடுக்கு. அதற்கும் மேல் தீக்குச்சி கனத்தில் ஒரு பிடி.
4. உச்சியில் தேங்காய் நாரோ சவுக்குச் செத்தையோ வைத்து, நடுவில் ஒரு துண்டு சூடம் போட்டு மேலிருந்து பற்றவையுங்கள்.

பலர் கீழே கொளுத்துவார்கள். அப்படிச் செய்தால் மேலே உள்ள குளிர்ந்த குச்சிகள் வழியாகப் புகை வெளியேறும். மேலே கொளுத்தினால் கீழ்க்குச்சியிலிருந்து கிளம்பும் வாயு சுவாலையைக் கடந்துதான் போக முடியும், போகும்போதே எரிந்துவிடும். தீ மெதுவாகக் கீழே இறங்கும், புகை குறையும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள்.

சுவாலை நிலைத்து, கீழடுக்கும் பிடித்தபின் பாத்திரத்தை ஏற்றுங்கள். அதற்குப் பிறகு வாய் வழியாக இரண்டிரண்டு குச்சியாகச் செருகி, நுனி எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே வாருங்கள். தீயைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் இங்கே குச்சிதான். உள்ளே தள்ளினால் கூடும், இழுத்தால் குறையும்.

6. ஒரு சட்டிச் சமையல்: பாசிப்பருப்புச் சோறு

மடக்கடுப்புக்கு ஏற்றது ஒரே சட்டியில் முடியும் சமையல். வேக நேரம் பிடிக்கும் கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி போன்றவற்றை வீட்டுக்கு விட்டுவிடுங்கள்.

இருவருக்கு அளவு: 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், சீரகம், பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், உப்பு. இரண்டு லிட்டர் கொள்ளும் தட்டை அடிச் சட்டி, மூடியுடன்.

இடத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அரிசியையும் பருப்பையும் கழுவி ஊற வையுங்கள். நீங்கள் சுள்ளி பொறுக்கி அடுக்கி முடிப்பதற்குள் அரைமணி ஊறிவிடும். அதனால் விறகு மிச்சம். சட்டியின் வெளிப்புறம் செம்மண் குழம்பையோ சோப்பையோ மெல்லப் பூசிவிடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் விறகடுப்புக் காலத்தில் செய்த வழக்கம் இது. கரி சட்டியில் ஒட்டாமல் பூச்சோடு கழுவிப் போகும்.

எண்ணெயில் சீரகம், பூண்டு, மிளகாயைத் தாளித்துத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். இந்தக் கட்டத்தில் தீ நன்றாக எரியட்டும்; 10 முதல் 15 நிமிடத்தில் கொதி வரும். அரிசி, பருப்பு, உப்பைப் போட்டு மறுபடி கொதித்ததும், இரண்டு குச்சி மட்டும் எரியும்படி தீயைக் குறையுங்கள். ஒரு தடவை அடிவரை கிளறிவிட்டு மூடிவிடுங்கள். பன்னிரண்டு நிமிடம் வெந்தபின் புதிதாக எதையும் செருகாமல், இருக்கும் கங்கின் சூட்டிலேயே இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். சோறு குழைந்து பதமாக இருக்கும். கடைசிக் கங்கில் ஒரு அப்பளம் சுட்டுக்கொள்ளலாம்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போகிறவர்கள் கரையில் வாங்கும் மீனைக் குழம்பு வைக்கலாம். புளி, மிளகாய்த்தூள், வெங்காயம் கொதித்து வாசனை மாறியபின் மீனைப் போட்டால் அது வேக ஏழெட்டு நிமிடம் போதும். கடற்கரையில் சமைத்த அன்றே அடுப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்புக்காற்று எவர்சில்வரையும் அரிக்கும்.

7. மழைக்காலமும் புயல்காலமும்

2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல ஊர்கள் நாள் கணக்கில், சில ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் விழுந்த மரம் வாசலில் மலையாகக் கிடந்தாலும் அடுப்புக்கு ஆகாது. பச்சை மரம் எரியாது. காய மாதங்கள் ஆகும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஐந்து கிலோ காய்ந்த சுள்ளியை ஒரு சாக்கில் கட்டி, மடக்கடுப்பையும் தீப்பெட்டியையும் பாலித்தீன் பையில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். சிலிண்டர் வராத நாளில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சவும் குடிநீரைக் கொதிக்க வைக்கவும் உதவும்.

மழைக்கு ஒதுங்கி, அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ கதவடைத்த அறைக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். எரியும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். திறந்த தாழ்வாரமோ மூன்று பக்கமும் காற்றோடும் கொட்டகையோதான் எல்லை.

8. அணைத்தல்

சாப்பாடு இறங்குவதற்கு முன்பே விறகு செருகுவதை நிறுத்திவிட்டால், நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் கங்கு பெரும்பாலும் சாம்பலாகியிருக்கும். மீதியைப் பழைய தட்டில் கொட்டித் தண்ணீர் தெளியுங்கள், குச்சியால் கிண்டுங்கள், மறுபடி தெளியுங்கள். பழுக்கக் காய்ந்த அடுப்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தகடு கோணும், ஆவி கையைச் சுடும். அடுப்பு தானாக ஆறட்டும். புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் மட்டும் ஒரு சிறு குழியில் புதைத்து மூடுங்கள்.

கை சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மை, எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் போங்கள். தீ கைமீறினால் யோசித்துக்கொண்டு நிற்காமல் 101-ஐ அழையுங்கள்.

9. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

மடக்கடுப்பு, பழைய தட்டு, மூடியுள்ள சட்டி, கரண்டி, பிடிதுணி, ஈரம் படாத தீப்பெட்டி, சூடம், ஒரு பிடி தேங்காய் நார், முதல் மூட்டலுக்குக் கால் கிலோ சுள்ளி, தண்ணீர், சாம்பல் புதைக்கக் குழி தோண்டச் சிறு கரண்டி, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பை, அடுப்பின் கரி மற்ற சாமானில் படாமலிருக்க ஒரு சாக்குத் துணிப்பை.

புதிதாக வாங்கியவர்கள் முதல் தடவையே தூரப் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். வீட்டு வாசலில் இரண்டு மூன்று தடவை டீ போட்டுப் பழகுங்கள். எத்தனை சுள்ளிக்கு எத்தனை டம்ளர் கொதிக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். அதன்பின் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். அளவாகத் தீ மூட்டவும், மூட்டிய தீயை முழுக்க அணைத்துவிட்டு எழுந்திருக்கவும் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.